ஆறுதல் சொல்ல உரிமம்

வேம்பூரை ஆண்ட செண்பகராயருக்குச் சட்டம் போடுவதென்றால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி. அதைக் கிண்டிக் கொடுக்கவே ஒரு அமைச்சர் இருந்தார், பரிபூரணம் பிள்ளை என்று. மனிதர் ஒருநாள் புதுச் சட்டத்தோடு வந்து நின்றார்.

"துக்கப்பட்டவர்களிடம் போய் ஆளாளுக்கு எதையாவது உளறுகிறார்கள், பிரபு. இனி உரிமம் இல்லாமல் யாரும் யாருக்கும் ஆறுதல் கூறக்கூடாது. உரிமம் வேண்டுமா? ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் மூன்று வருஷம் வேலை பார்த்துப் பரீட்சையில் தேற வேண்டும். மீறினால் நாடு கடத்தல்."

ராயர் முத்திரை குத்திவிட்டார். உரிமம் பெற்றவர் நாட்டில் ஒருவர்கூட இல்லையே, முதல் ஆள் யாரிடம் போய்ப் பழகுவது? சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் மாசிலாமணிக்கு மட்டும்தான் இது உறுத்தியது.

பத்தாம் நாளே வெள்ளைத்தாயைப் பிடித்துவிட்டார்கள். இருபது வருஷமாக, மனம் உடைந்தவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறவள் அவள். குழந்தையைப் பறிகொடுத்துக் கிணற்றடியில் நின்ற ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்தாளாம். அதுதான் குற்றம். மாசிலாமணியின் தம்பியே ஒரு காலத்தில் இவளால் பிழைத்தவன்.

விசாரணை நாளன்று காலையில் பட்டத்து யானை செத்துப்போனது. ராயர் சிம்மாசனத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பிரபு..." என்று ஆரம்பித்தார் சேனாபதி.

"உரிமம் இருக்கிறதா?" என்று குறுக்கே விழுந்தான் மாசிலாமணி.

சேனாபதி இரண்டடி பின்வாங்கினார். ராஜகுரு தொண்டையைச் செருமினார்.

"சுவாமி, உங்களுக்கும் நாடு கடத்தல்தான்!" என்றான் மாசிலாமணி.

ராணிகூட ராயரின் கையைத் தொட வந்து, தயங்கி நின்றுவிட்டாள். இருநூறு பேர் கூடிய சபையில் ராஜா தன்னந்தனியாக அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போது வெள்ளைத்தாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் ராயரின் முகத்தைப் பார்த்தாள். நேரே போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பேசவே இல்லை. வெகுநேரம் கழித்து, "அதுக்கு என்ன பிடிக்குங்க, மகாராஜா?" என்று மட்டும் கேட்டாள்.

"வெல்லம்," என்றார் ராயர். "குட்டியா இருக்கும்போது என் மடியிலிருந்தே திருடித் தின்னும்..." சொல்லச் சொல்ல அழுதார். கடைசியில் லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

பரிபூரணம் பிள்ளை துள்ளி எழுந்தார். "பிரபு! உங்கள் கண்ணெதிரிலேயே குற்றம் செய்கிறாள்!"

"என்ன குற்றம்?" என்றான் மாசிலாமணி. "ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னாளா? சட்டத்தைப் படியுங்கள்."

பிள்ளை ஓலையைப் பிரித்தார். "உரிமமின்றி ஆறுதல் கூறுவோர்..."

"அவள் எங்கே கூறினாள்? கூறியவர் மன்னர். அவள் காது கொடுத்துக் கேட்டாள், அவ்வளவுதான்."

"அப்படியானால் கேட்பதும் குற்றம் என்று திருத்திவிடுகிறேன்!"

"பேஷ்! மன்னர் சொன்னதை இந்தச் சபையே கேட்டது. இருநூறு பேரும் மூட்டையைக் கட்டுங்கள். நீங்கள்தான் மிக அருகில் இருந்து கேட்டீர்கள். முதலில் கிளம்புங்கள், ஐயா!"

ராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளை, இவளுக்கு இப்போதே உரிமம் எழுதும்."

"அதெப்படி பிரபு? பரீட்சை வைக்க வேண்டாமா?"

"வைத்தாயிற்றே," என்றார் ராயர். "நான்தான் பரீட்சை. தேறிவிட்டாள். உரிமம் பெற்ற முதல் ஆள் இவள். இவள் மேற்பார்வையில் மூன்று வருஷம் வேலை பார்க்கப் போகும் முதல் ஆள் நீர்!"

பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. "மூன்று வருஷமா? இவளைப் போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா," என்றான் மாசிலாமணி பணிவாக. "நீங்கள் வாயை மூடினாலே பாதி நாட்டுக்கு ஆறுதல் கிடைத்துவிடும்."

செத்த வீடு என்பதையும் மறந்து ராயர் வாய்விட்டுச் சிரித்தார். கழுத்தில் கிடந்த முத்துமாலை மாசிலாமணியின் கழுத்துக்குப் போனது.