எரியவில்லை என்றாள் பவுனம்மா

மடத்துச் சாமியைவிடச் சீடருக்கு வயது கூட. திருமலையப்பன் என்று பெயர். அழகுசாதனக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். மடத்தை ஒட்டியிருந்த தொழுநோயாளர் இல்லத்துப் பவுனம்மா அவருக்கு வைத்த பெயர், கிரீம் சாமி.

நோய் குணமாகியும் வீட்டார் அழைத்துப் போகாத பெண்கள் அங்கே இருந்தார்கள். பனிக்காலத்தில் அவர்கள் பாதங்கள் பாளம் பாளமாக வெடிக்கும். சீடர் லேனோலின் வாங்கிவந்தார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. தோலின் ஈரத்தைக் காயவிடாது. அதில் களிம்பு செய்து, முதலில் பவுனம்மாவுக்கும் வேறு சிலருக்கும் மட்டும் கொடுத்தார். தினமும் காலையில் வாசலில் நின்றபடி கேட்பார்.

"எரியுதா? அரிக்குதா?"

"ஒண்ணுமில்ல கிரீம் சாமி. ஜம்முனு இருக்கு."

ஒரு வாரம் போனது. சீடர் சாமியிடம் வந்தார்.

"இனி எல்லாருக்கும் கொடுத்துடலாம் சாமி. லேனோலின் சிலருக்கு ஒத்துக்காது. இங்க யாருக்கும் ஒரு குறையுமில்ல."

"எப்படித் தெரியும்?"

"கேட்டேனே."

சாமி எழுந்து நடந்தார். சீடர் பின்னால் போனார்.

இல்லத்தில் பவுனம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துப் பிடித்திருந்தாள்.

"டீ சுடுதா அக்கா?"

"இல்லையே சாமி."

சாமி சட்டென்று டம்ளரை விளிம்பில் பிடித்து வாங்கிச் சீடரிடம் நீட்டினார். அவர் பிடித்தார். மறுகணம் டம்ளர் தரையில் உருண்டது.

"போச்சே என் டீ!" என்றாள் பவுனம்மா.

சாமி செம்புத் தண்ணீரை அவள் கைகளில் ஊற்றினார்.

"துணி சுத்திப் பிடிக்கச் சொன்னேனே?"

"மறந்துட்டேன் சாமி. இந்தக் கை ஞாபகப்படுத்த மாட்டேங்குதே."

நோய் போனாலும் மரத்த இடம் மரத்தே இருக்கும். சீடருக்குத் தெரியாததல்ல. ஆனால் கம்பெனியில் காலமெல்லாம் கேட்ட கேள்வி, தானாக வாயில் வந்துவிட்டது.

"உங்க காலும் இப்படித்தானாம்மா?"

"ஆமா. நீங்க எரியுதான்னு கேட்டீங்க. எரியல. சொன்னேன்."

"காலைக் காட்டுங்க."

அவள் புடவையை இழுத்துப் பாதத்தை மூடினாள். "வேணாம் கிரீம் சாமி. பாக்கிற மாதிரியா இருக்கு?"

சீடர் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துப் புடவை விலகியது. கணுக்காலைச் சுற்றிச் சிவந்து நீர் கோத்திருந்தது. அதன்மேல் இன்று காலை பூசிய களிம்பு.

"கேட்டும் தெரியாதுன்னா," சீடர் சாமியிடம் திரும்பினார், "இவங்களுக்கு எது கெடுதல்னு நான் எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"உட்காருங்க ஐயா."

தரையில் உட்கார்ந்தார். சாமி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் மடியிலேயே விரித்தார்.

"காலை இதுல வைங்க அக்கா."

"ஐயையோ, இவர் மடியிலயா?"

"வைங்க. இனிமே இவர் கேக்க மாட்டார், பாப்பார்."