மணமறியாத நந்தவனம்

தேரிக்காட்டுச் செம்மண் மேட்டில், காக்கைகூட நிழல் தேடி அலையும் இடத்தில் இருக்கிறது வெயிலுகந்தநல்லூர். அங்கே எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு வெயிலுகந்த நாதர் என்று திருநாமம். வெயில் என்றால் அவருக்கு அத்தனை பிரியம். விமானத்தின்மேல் நிழல் விழக்கூடாது என்பது அவ்வூர்க் கட்டுப்பாடு. அதனால் மதிலுக்கு மேலே தலை நீட்டும் எந்த மரத்தையும் கோயிலுக்குள் வைப்பதில்லை. நந்தவனம் என்றால் வெறும் செடிகள்தாம். அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றி, பூப்பறித்து, மாலை கட்டிக் கொடுத்து வந்தார் ஐயாக்குட்டியார்.

ஐயாக்குட்டியாருக்கு மணம் தெரியாது. பால்குடி மறக்கும் வயதில் வந்த ஒரு காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு மூக்கை மட்டும் கொண்டுபோயிற்று. உலையில் சோறு தீய்ந்தால் தெருவே வந்து கத்தும். இவர் பாட்டுக்கு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். தீய்ந்த சோற்றைத்தான் பாதிநாள் உண்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு எவன் பெண் கொடுப்பான்? தனிக்கட்டையாகவே இருந்துவிட்டார்.

சாமிக்குரிய பூவை மனிதர் மோந்து பார்க்கலாகாது. மோந்தால் அது எச்சில். ஆகவே பூப்பறிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். ஐயாக்குட்டியாரும் விடாமல் கட்டிக்கொள்வார். தண்ணீருக்கு வரும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"மூக்கே இல்லாத ஆளுக்குக் கட்டு எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

"எனக்குத்தான் தெரியாது தாயி. என் மூச்சுக் காத்து பூவுல படும்லா" என்பார் அவர். அவர்களோடு சேர்ந்து தாமும் சிரித்துக்கொள்வார்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. வருஷத்தில் ஒரு பொழுதுகூட ஈசன் வெறுங்கழுத்தோடு இருக்கக்கூடாது. இதற்காக இளவயதில் அவர் ஊர் ஊராகத் திரிந்தார். மற்றவர்கள் எந்தப் பூ மணக்கும் என்று கேட்பார்கள். இவர் எந்தச் செடி ஓயாது என்று கேட்டார். அடுத்தவர் வேலியோரம் நின்று செடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கோடையில் போவார், மழையில் போவார், பனிக்காலத்திலும் போய் எட்டிப் பார்ப்பார். ஒரு பருவத்துக்குப் பூத்துக் கொட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும் செடிகளைக் கும்பிட்டு விட்டுவிட்டார். காய்கிற வெயிலில் வருஷமெல்லாம் மலரும் செவ்வரளிக்கும், நந்தியாவட்டைக்கும், செம்பருத்திக்கும், இட்லிப்பூவென்று பிள்ளைகள் சொல்லும் வெட்சிக்கும் அவர் மனசைக் கொடுத்தார். கெஞ்சிக் கூத்தாடிக் கிளைப் போத்து வாங்கி வந்து நட்டார். ஒன்று இளைப்பாறினால் இன்னொன்று பூக்கும். அவர் பொறுப்பேற்ற பிறகு மாலையில்லாத பூசை அக்கோயிலில் நடந்ததேயில்லை.

மணமென்று சொல்லிக்கொள்ள அந்தப் பூக்களில் பெரிதாக ஒன்றுமில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

கோயில் தர்மகர்த்தா தீத்தாரப்ப பிள்ளை கெட்டவரல்லர். சாமிமேல் உயிரையே வைத்திருந்தவர். ஒருநாள் வெளியூர்க் கோயிலொன்றுக்குப் போய்விட்டு வந்தவர், நேரே நந்தவனத்துக்குள் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அங்க நடை தொறந்ததும் மல்லியும் பிச்சியும் அப்படியே ஆளத் தூக்கிட்டுது வே! நம்ம சாமிகிட்ட வந்து நின்னா எண்ணெச் சிக்கு வாடதான் அடிக்கி. அவரு என்ன பாவஞ் செஞ்சாரு? இதயெல்லாம் தோண்டிட்டு மல்லி வச்சிருவோம்."

"மல்லி பனிக்காலத்துல கைய விரிச்சிரும்யா. மார்கழியில சாமி வெறுங்கழுத்தோட இருப்பாரே!"

"பூக்கிற நாளாவது மணக்கட்டுமே வே. உம்மமேல குத்தம் சொல்லல. உமக்கு அந்தச் சுகம் தெரியாது, அவ்வளவுதான். நாளைக்குக் காலப்பூசை முடிஞ்சதும் ஆளு வருவாங்க."

ஊர் சிரித்தபோதெல்லாம் நோகாத ஐயாக்குட்டியாரின் மனசு, அன்பாகச் சொன்ன அந்தச் சொல்லில் நொறுங்கிவிட்டது. 'எனக்கில்லாத ஒன்றை அவருக்கும் இல்லாமல் செய்துவிட்டேனா? பசியாற்றுகிறேன் என்று இத்தனை காலமும் உப்பில்லாச் சோற்றைப் போட்டேனா?' என்று செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தம் உழைப்பு மண்ணாவதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தாம் கொடுத்தது குறையுள்ள பூவோ என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

உச்சிப்பொழுது. தேரிமணலிலிருந்து கானல் எழும்பி மதில் நெளிந்தது. அரளிப்பூக்கள் காம்பை விட்டுக் கழன்று வெளிச்சத்தில் மிதப்பதுபோல இருந்தது. எங்கும் ஒரு சத்தமில்லை. அழுது ஓய்ந்த கண் லேசாகச் செருகிற்று. அப்போது, வழிப்போக்கர் ஒருவர் வெட்சிக்கும் நந்தியாவட்டைக்கும் இடையே, கொதிக்கிற மண்ணில், கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பதைக் கண்டார். சொந்த வீட்டில் படுத்திருப்பவர்போல அத்தனை நிம்மதி அந்த முகத்தில். ஐயோ, வெயிலில் கிடக்கிறாரே என்று பதறி, ஐயாக்குட்டியார் தம் துண்டை விரித்து அவர் முகத்துக்கு நேரே நிழலாகப் பிடித்தார்.

"வெயில மறைக்காதயும்" என்றார் படுத்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே.

திடுக்கிட்டு விழித்தால் அங்கே யாருமில்லை. வண்ணத்துப்பூச்சி ஒன்று வெட்சிக் கொத்தை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கனவென்றே எண்ணி எழுந்து போய்த் தண்ணீர் இறைத்தார். நாளைக்குத் தோண்டப் போகும் செடிகள்தாம். ஆனாலும் இன்றைக்குத் தாகம் இருக்குமல்லவா?

மறுநாள் விடியலில் ஒவ்வொரு செடியையும் கும்பிட்டுப் பூப்பறித்தார். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கட்டிய மாலையை அர்ச்சகர் சுப்பையா பட்டரிடம் நீட்டினார்.

"இதுதான் கடைசி மால சாமி. இம்புட்டு நாளும் மணமில்லாத பூவக் குடுத்திட்டேன். பொறுத்துக்கிடச் சொல்லுங்க."

பட்டர் மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரை விழுந்தது. மண்டபத்தில் தீத்தாரப்ப பிள்ளை கைகூப்பி நின்றார். வெளியே மண்வெட்டியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். ஐயாக்குட்டியார் எப்போதும்போலத் தூணோரம் ஒதுங்கி நின்றார்.

மணியடித்துத் திரை விலகிற்று. மாலை அணிந்திருந்த ஈசனிடமிருந்து ஒரு வாசம் புறப்பட்டு வந்தது. மல்லியின் வாசமல்ல, பிச்சியின் வாசமல்ல. சந்தனமோ சாம்பிராணியோ அல்ல. அது மண்டபத்தை நிறைத்து, பிராகாரத்தைச் சுற்றி, வெளியே நின்றவர்கள் கையிலிருந்த மண்வெட்டிகளைத் தாமாகவே கீழே வைக்கச் செய்தது. தீத்தாரப்ப பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பெருமானே! அரளிக்கா இந்த வாசம்?"

தூணோரமிருந்து ஓர் அலறல் கேட்டது. ஐயாக்குட்டியார் இரு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சாமீ! என் மூச்சுக்குள்ள என்னமோ வருது! இன்னதுன்னு சொல்லத் தெரியல. பூவுலேருந்துதான் வருது. சாமிக்குப் போட்ட பூவ நான் மோந்திட்டேனே! எச்சியாக்கிட்டேனே!"

சுப்பையா பட்டர் கற்பூரத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். கண்ணீர் அவர் மார்பில் வழிந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்தியிருந்த அந்தக் காய்த்துப்போன கைகளைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

"கைய எடும்வே. சாமி மோந்து முடிச்சாச்சு. இது பிரசாதம். நல்லா இழுத்து வாங்கிக்கிடும்."

ஐயாக்குட்டியார் பிறந்த குழந்தைபோல மூச்சை உள்ளே இழுத்தார். ஒருநாளும் ஓயாமல் பூத்த அன்பை உடையவரான அந்தத் தொண்டர் திருவடியை நினைக்கும் நெஞ்சிலும் அந்த வாசம் நிலைக்கட்டும்.