பீரோவுக்குள் வைஃபை

ஓய்வுபெற்ற தாசில்தார் மார்க்கண்டன் வீட்டுக்கு வைஃபை மாட்டப் போனாள் பவளக்கொடி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"வைஃபை பெட்டியை இந்த இரும்பு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரன் சிக்னலைத் திருடக் கூடாது. ஆனா மாடிக்குத் தடையில்லாம வரணும். இல்லேன்னா உன் வேலை போயிடும்," என்றார் அவர்.

"இரும்புக்குள்ள வச்சா சிக்னல் வெளிய வராதுங்க."

"எனக்கே பாடம் சொல்றியா?"

பவளக்கொடிக்குச் சுருக்கென்றது. "சரிங்க ஐயா. முதல்ல உங்க குரல் போகுதான்னு பாத்துடுவோம். பீரோவுக்குள்ள தலையை விட்டு, மாடியில இருக்கற அம்மாகிட்ட காபி கேளுங்க."

தலையை நுழைத்தார். அவள் கதவுகளைக் கழுத்துவரை சாத்தினாள். மூன்று முறை கத்தியும் பதில் இல்லை. வேறு வேலையாகக் கீழே வந்த அவர் மனைவி குஞ்சிதம், "பீரோவுக்குள்ள யாரைத் திட்டுறீங்க?" என்று கேட்டாள்.

தாசில்தார் முகம் சிவக்க வெளியே வந்தார். பெட்டி கூடத்து அலமாரியின் உச்சியில் ஏறியது.

"அப்போ திருட்டு?"

"அதுக்குப் பாஸ்வேர்டுதான் பூட்டு. யாருக்கும் தெரியாத வார்த்தையாச் சொல்லுங்க."

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "தாசில்தார் மார்க்கண்டன்."

"வேற சொல்லுங்க ஐயா. அதை நீங்களே தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கீங்க."

குஞ்சிதம் சிரித்துக்கொண்டே பவளக்கொடியின் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். தாசில்தாருக்கு அது இன்றுவரை தெரியாது.