தப்பாகக் கட்டிய கட்டு

அழகேந்திர மகாராஜா தேவனூரை ஆண்ட காலத்தில் அங்கே ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. வைத்தியம், சிற்பம், இசை, வானசாஸ்திரம், இலக்கணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கூடம். பிள்ளைகள் ஒரு வருஷம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கேட்பார்கள். பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் தேற வேண்டும். அந்த வருஷம் என்ன ஆயிற்றென்றால், பாதிப் பிள்ளைகள் எதையும் தேர்ந்தெடுக்காமல் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரைக் கேட்டாலும் "தெரியவில்லை" என்றே பதில் வந்தது.

மகாராஜாவுக்குப் பொறுமை போயிற்று. தலைமை ஆசான் சிவக்கொழுந்தரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்.

"திருவுளச்சீட்டுப் போட்டுவிடலாம், மகாராஜா. எந்தக் கூடத்தின் பெயர் வருகிறதோ, ஆயுசுக்கும் அதுதான்" என்றார் அவர்.

சபையின் ஓரத்தில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தால், அரசவை விகடகவி பிச்சாண்டி.

"தொண்டையில் என்ன?" என்றார் மகாராஜா.

"அந்தச் சீட்டுதான். விழுங்கப் பார்க்கிறேன், இறங்கமாட்டேன் என்கிறது."

சிவக்கொழுந்தருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிப்பைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி? இதே சாலையில் ஒரு கூடத்திலும் நீ தேறவில்லையே."

"அதுதான் தகுதி, ஐயா. உங்களுக்கு ஒரு கூடத்துக்குள் போகத்தான் வழி தெரியும். எனக்கு எல்லாக் கூடத்திலிருந்தும் வெளியே வர வழி தெரியும். கழுத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்."

மகாராஜா சிரித்தார். ஆனால் விடவில்லை. "அப்படியானால் நீயே வழிகாட்டு. பௌர்ணமியன்று ஒவ்வொரு பிள்ளையும் மனசாரத் தன் படிப்பைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் சீட்டுதான். நீயும் சிவக்கொழுந்தரிடம் சேர்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும்."

பிச்சாண்டிக்கு அப்போதே தலை பாதி நரைத்திருந்தது. சிவக்கொழுந்தர் அவனைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். அந்த அன்புதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் முற்றத்துக்குப் போனான். நல்லண்ணன் என்ற பையனிடம், "உனக்கு என்னப்பா தயக்கம்?" என்று கேட்டான்.

"வைத்தியம் எடுத்து, அது வராவிட்டால் என்ன செய்வது, ஐயா? எல்லாரும் சிரிப்பார்களே."

"அவ்வளவுதானா? முதலில் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். பழகிவிடும்" என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனான்.

வைத்தியக் கூடத்தில் மரத்திலிருந்து விழுந்து கை பிசகிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிச்சாண்டி வெகு கவனமாகக் கட்டுப் போட்டான், நல்ல கைக்கு. பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "நகருங்கள், ஐயா" என்று அவனை ஒதுக்கிவிட்டு, அடிபட்ட கையை மெல்லப் பிடித்துக் கட்டினான். அந்த மனிதரின் முனகல் அடங்கியது.

"என்னை ஏன் தள்ளினாய்?" என்று பிச்சாண்டி கேட்டான்.

"பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, ஐயா."

"அப்படியா? நீ இங்கேயே இரு."

பிச்சாண்டிக்குப் பிடி கிடைத்துவிட்டது. சிற்பக் கூடத்தில் அவன் யானை செதுக்கினான். தும்பிக்கை உடைந்து அது பன்றியாயிற்று. ஒரு பையன் உளியைப் பிடுங்கிக்கொண்டான். இசைக் கூடத்தில் அவன் பாடியதும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஓடாத ஒருத்தி அவன் கையைப் பிடித்துத் தாளத்தைச் சரிசெய்தாள். வானசாஸ்திரக் கூடத்தில் அவன் போட்ட கணக்குப்படி அடுத்த கிரகணம் போன வாரமே முடிந்திருந்தது. அதை அழித்துப் புதிதாகப் போட்ட பெண், சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. இலக்கணக் கூடத்தில், "மகாராஜா எனக்கு வேலைக் கொடுத்தார்" என்று எழுதினான். "ஒரு க் அதிகம், ஐயா. இப்படி எழுதினால் மகாராஜா உங்களுக்கு உத்தியோகம் கொடுக்கவில்லை, ஈட்டி கொடுத்திருக்கிறார்" என்று ஒருவன் எழுத்தாணியைக் கேட்டு வாங்கினான்.

நாள் பூராவும் சிரிப்புக்கு ஆளாவது விகடகவிக்கும் கொஞ்சம் சுடத்தான் செய்தது. ஆனால் முற்றம் காலியாகிக்கொண்டே வந்தது. அதனால் பொறுத்துக்கொண்டான்.

பௌர்ணமியன்று பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் படிப்பைச் சொன்னார்கள். சிவக்கொழுந்தரின் முகம் வாடிக்கொண்டே போயிற்று. கடைசியில் இன்பவல்லி என்ற பெண் வந்தாள்.

"இந்தக் கூடங்களில் எதுவும் எனக்கு வேண்டாம், மகாராஜா" என்றாள்.

சிவக்கொழுந்தரின் முகம் மலர்ந்தது. பிச்சாண்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பிறகு என்னதான் வேண்டும், அம்மா?" என்றார் மகாராஜா.

"பிச்சாண்டி ஐயாவின் வேலை. அவர் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எல்லாரையும் கூட்டமாக இழுத்துக்கொண்டு போகிறார். பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வாய் திறக்கவே பயப்படுகிற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை நான்தான் தனித்தனியாக அழைத்துப் போய்க் காட்டினேன்."

பிச்சாண்டி முன்னால் வந்து கைகூப்பினான்.

"அவள் சொல்வது அத்தனையும் உண்மை, மகாராஜா. அவளும் மனசாரத் தேர்ந்தெடுத்துவிட்டாள். என் வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஒன்றுதான் எனக்கு வருத்தம்."

மகாராஜா யோசித்தார். "இனிமேல் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது இன்பவல்லி. அவள் சொல்கிறபடி ஒவ்வொரு கூடத்திலும் முதலில் நின்று செய்து காட்டுவது பிச்சாண்டி. அவனும் இன்றுமுதல் ஆசான்தான்."

சிவக்கொழுந்தருக்குத் தாங்கவில்லை. "ஆசான் என்றால் ஏதாவது ஒன்றில் தேர்ந்திருக்க வேண்டுமே, மகாராஜா. இவன் எதில் தேர்ந்தவன்?"

"கேட்கிறார், சொல்" என்றார் மகாராஜா.

"தப்புச் செய்வதில், மகாராஜா. அதை மட்டும் நான் இதுவரை ஒருதரம்கூடத் தப்பாகச் செய்ததில்லை."