பட்டியல் வாசிக்கும் வழக்கம் வந்த விதம்

பல்லடம் பக்கத்துக் கோழிக் கொட்டகைகள் கைப்பேசி வழியாகப் பேசத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில், தமயந்தியும் அவள் சித்தப்பா மகன் லோகநாதனும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து ஒரு செயலி எழுதினார்கள். கொட்டகைக்குள் தொங்கும், பேட்டரியில் ஓடும் சிறிய பெட்டி சூட்டை அளக்கும். சூடு அளவு தாண்டினால் பண்ணைக்காரரின் போன் எடுக்கும்வரை அடிக்கும். நாற்பது பண்ணைகள் அதை நம்பின.

செயலியில் அவர்களே எழுதியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்த நிரல் துண்டுகள்; லைப்ரரி என்பார்கள். எது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் கணினியே போய் எடுத்து வந்து சேர்த்துக்கொள்ளும். எத்தனையாவது பதிப்பு என்று அவர்கள் குறிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் எது புதிதோ அது வந்தது.

அவற்றில் ஒன்று, பெட்டி அனுப்பும் எண்ணைப் படித்துச் சொல்லும் சின்ன லைப்ரரி. மட்டக்களப்பில் அருள்நேசன் என்பவர் தன் இறால் குளத்துக்காக எழுதியது. தை மாதம் அவரிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எண்ணைச் சொல்லும் விதத்தை மாற்றப்போகிறேன், பாவிப்பவர்கள் சோதித்துப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். பயன்படுத்துவதை அவர் ஊரில் பாவிப்பது என்பார்கள்.

"அக்கா, இதைப் பாத்தீங்களா?" என்றான் லோகநாதன்.

"ஓடிட்டுத்தான இருக்குது. அப்புறம் பாத்துக்கலாம்" என்று தமயந்தி அதை மூடிவிட்டாள்.

சித்திரையில் ஒரு நாள் காலை லோகநாதன் ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றிச் செயலியைப் புதுப்பித்தான். அப்போது அருள்நேசனின் புதுப் பதிப்பும் கூடவே வந்து சேர்ந்தது. முன்பு முப்பத்து நான்கு டிகிரியை அது முந்நூற்று நாற்பது என்று சொல்லும். செயலி பத்தால் வகுத்துக்கொள்ளும். இப்போது அதுவே வகுத்து முப்பத்து நான்கு என்று சொன்னது. செயலி மறுபடியும் வகுத்தது. எல்லாக் கொட்டகைகளிலும் மூன்று டிகிரி குளிர் என்று எழுதிக்கொண்டு சும்மா இருந்தது.

அன்று நடுப்பகலில் காமநாயக்கன்பாளையம் பக்கம் கரண்ட் போனது. பொங்கியண்ணன் பண்ணையில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை, மின்விசிறிகள் நின்றன. அவரும் மனைவியும் மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பேத்தி பிறந்த அதே வேளையில், மூடிய கொட்டகைக்குள் நாலாயிரம் கோழிகள் வாயைப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து செத்தன.

தமயந்தி போனபோது குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணன் மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் சட்டைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு அப்படியே இருந்தது.

"போன் அடிக்கலீங்க அம்மிணி" என்றார். "அடிக்காததால நல்லாத்தான் இருக்கும்னு இருந்துட்டனுங்க."

அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு உள்ளே போனாள். கோழிகளின் உடலில் இன்னும் சூடு இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். வந்த ஆத்திரத்தில் அவள் அருள்நேசனுக்கு எழுதினாள்: உங்கள் மாற்றத்தால் நாலாயிரம் உயிர்கள் போய்விட்டன.

"அவர் முன்கூட்டியே கேட்டாரேக்கா" என்றான் லோகநாதன் மெதுவாக. அதற்குள் கடிதம் போய்விட்டிருந்தது.

மறுநாள் பதில் வந்தது.

"பிள்ளை, படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மாதம் பார்த்திருந்தேன், ஒருவரும் எழுதவில்லை. எழுதாதபடியால் இதை ஒருவரும் பாவிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். இனி இதைத் தொட எனக்கு மனம் வராது. மன்னியுங்கள்."

அன்று மாலையே அவர் தன் லைப்ரரியைப் பொதுவிலிருந்து எடுத்துவிட்டார். தமயந்தி மூன்று கடிதம் எழுதினாள். தவறு என்னுடையது, நீங்கள் கேட்டபோது நான்தான் பதில் சொல்லவில்லை என்று எழுதினாள். எதற்கும் பதில் இல்லை. ஆத்திரத்தில் அனுப்பிய அந்த முதல் வரியை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று அவள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொங்கியண்ணன் மறுபடியும் குஞ்சு விட்டார். ஆனால் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கொட்டகை வாசலில் கட்டில் போட்டுக்கொண்டார்.

அன்று முதல்தான் அந்த அலுவலகத்தில் லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதிப்பு எண்ணை எழுதி வைக்கிறார்கள். சோதித்துப் பார்க்காமல் எண்ணை மாற்றுவதில்லை. அமாவாசைதோறும் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியதும் பட்டியலை எடுத்து, எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். அவர்களில் யாராவது எதையாவது கேட்டிருந்தால், "பார்த்தோம், நாங்கள் பாவிக்கிறோம்" என்று ஒரு வரியாவது எழுதி அனுப்பிய பிறகுதான் சாப்பிடப் போகிறார்கள்.