நாற்காலி ஏற இடமில்லை

கணக்கு வராது என்று பின்வாங்க வேண்டாம். முப்பத்தொன்று வரை எண்ணத் தெரிந்தால் இந்தப் புதிரை அவிழ்த்துவிடலாம்.

ஊசிப்பாறையிலிருந்து காலை ஏழே முக்காலுக்கு ஒரு சின்ன மின்சார பஸ் புறப்படும். அங்கே ஆள் ஏற்றிக்கொண்டால் வழியில் எங்கும் நிற்காமல் டவுனுக்குப் போய்விடும். இருபது பேர் உட்காரலாம், பத்துப் பேர் நிற்கலாம். அதற்கு மேல் ஒருவர் நெருக்கினாலும் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் வண்டி நகராது.

செவந்திக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. அவள் புருஷன் பரமனுக்குச் சர்க்கரை வியாதி ஒரு காலை வாங்கிக்கொண்டதோடு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது மணிக்கு டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுத்தாக வேண்டும். பிந்தினால் மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும். போன மாதம் ஒருமுறை தவறி, கால் வீங்கி, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரிய காரியம். அவனைச் சக்கர நாற்காலியோடு உள்ளே தள்ளிவிடத் தோதான தாழ்ந்த வண்டி அந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான்.

அந்த பஸ்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. பத்துப் பேருக்காக அவ்வளவு தூரம் சார்ஜைச் செலவழிப்பதா என்று மேலே யாரோ கேட்டார்கள். ஏழு நாள் கணக்கெடுப்பது, அதில் ஒருநாளாவது முப்பது பேருக்கு பஸ் தேவைப்பட்டதாகத் தெரிந்தால் தொடர்வது, இல்லாவிட்டால் நிறுத்திவிடுவது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கணக்கெடுக்க ஜெயசீலன் என்ற இளைஞர் வந்தார். அவர் படிவத்தில் ஏறியவர், இறங்கியவர், இடமில்லாமல் நின்றுபோனவர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதற்கு வேலையே இல்லை. தினமும் அதில் ஒரு கோடு இழுத்துவிடுவார். கதவுக்கு மேலே ஒரு கருவியும் இருந்தது. ஏறினால் ஒன்றைக் கூட்டும், இறங்கினால் ஒன்றைக் கழிக்கும், டிரைவர் தலைக்கு மேல் எண்ணைக் காட்டும்.

ஆறு நாள் போயிற்று. பதினாலைத் தாண்டவில்லை.

செவந்தி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "சும்மா வந்து எண்ணிக்கைக்கு நிக்காதீங்க. ஆளுக்கொரு வேலையோட வாங்க" என்றாள். "கண்ணாடி மாத்தணும்னு ஒரு வருஷமா சொல்றீகளே பெரியப்பா, அது என்னாச்சு?" தள்ளிப்போட்ட வேலை இல்லாத வீடே இல்லை. நாலஞ்சு பேராவது கடைசி நேரத்தில் கழன்றுகொள்வார்கள் என்று நினைத்து, தன்னையும் புருஷனையும் சேர்க்காமலே இருபத்தொன்பது பேரிடம் சொல்லி வைத்தாள்.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. ஒருவர்கூடக் கழன்றுகொள்ளவில்லை.

பரமனின் நாற்காலி எப்போதும் கடைசியில்தான் ஏறும். கதவோரம் நின்றால் டவுனில் இறக்கச் சுலபம். பாதி பஸ் காலியாகவே போனதால் அந்த வழக்கத்தால் இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை. செவந்தி முதலில் ஏறி ஆட்களை உள்ளே உள்ளே நகர்த்தினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பஸ்ஸுக்குள் ஒரே கைதட்டல்.

"என்னடி, என் பேரை அடிச்சிட்டியா?" என்று வெளியிலிருந்து பரமன் குரல் கேட்டது.

செவந்தி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்காலிக்கு இரண்டு பேர் நிற்கும் இடம் வேண்டும். இரண்டு பேர் இறங்கி அவன் ஏறினால் எண் இருபத்தொன்பது. அவனை விட்டுவிட்டால் முப்பது.

"அஞ்சு நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல போனா ஒம்பதுக்குப் போய்ச் சேர முடியாது" என்றார் டிரைவர்.

கண்டக்டர் இஸ்மாயில் சொன்னார்: "ரெண்டு பேர் இறங்குங்க. எண்ணு என்ன வேணாலும் காட்டட்டும், சீக்காளிய விட்டுட்டு நான் விசில் ஊத மாட்டேன்."

மகளிர் குழுத் தலைவி பூவாயி சொன்னாள்: "பாய், இன்னைக்கு எண்ணு தப்புச்சுன்னா நாளையிலருந்து வண்டியே கிடையாது. பரமன் இந்த ஒருதரம் பொறுத்துக்கட்டும். செவந்தி, என்னைக் கல்நெஞ்சக்காரின்னு நினைக்காத. அவனுக்காகத்தான் சொல்றேன்."

ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினார்: "அவர் ஏறட்டும்க்கா. நான் முப்பதுன்னே போட்டுக்கறேன். கருவி தப்பாக் காட்டுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நாலு நிமிஷம்" என்றார் டிரைவர்.

செவந்தி மேலே எரிந்த முப்பதைப் பார்த்தாள். கீழே புருஷனின் வீங்கிய பாதத்தைப் பார்த்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கண்டக்டர், தலைவி, கணக்கெடுப்பவர், இந்த மூவரில் யார் சொன்னது சரி? பஸ் தடமும் பிழைக்க வேண்டும், பரமனும் பிழைக்க வேண்டும், பொய்யும் கூடாது. வழி உண்டா?

விடை: இஸ்மாயில் சொன்னதுதான் சரி. யாருக்காக பஸ்ஸைக் காப்பாற்றுகிறோமோ அவனையே தரையில் விட்டுப் போனால், காப்பாற்றியதற்கு அர்த்தமில்லை. பொய்யும் தேவைப்படவில்லை. கோடு இழுத்தே பழகிய அந்த மூன்றாவது கட்டத்தைச் செவந்தி விரலால் தொட்டுக் காட்டினாள். "சார், இறங்குற ரெண்டு பேரும் இடமில்லாம நின்னவங்கதானே?" ஏறிப் போகிறவர் இருபத்தொன்பது, இடமில்லாமல் நின்றவர் இரண்டு, பஸ் தேவைப்பட்டவர் முப்பத்தொன்று. பொய்யாக எழுத இருந்ததைவிட உண்மையில் ஒன்று கூடுதல். ஜெயசீலன் அதையே எழுதினார், பஸ் தடம் நிலைத்தது. முதலில் இறங்கியவள் பூவாயி. "இன்னொருத்தி எவடி, சீக்கிரம் இறங்கு" என்று அதட்டிக்கொண்டே இறங்கினாள். அன்றிலிருந்து ஊசிப்பாறையில் நாற்காலிதான் முதலில் ஏறுகிறது.