தலைமை வகித்த காட்டுப்பன்றி

மூங்கில் குளத்துக் கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடு கட்டும் வழக்கம் அதன் குலத்துக்கே கிடையாது.

அந்தக் கரைக்குத்தான் தினமும் உச்சிவேளையில் காட்டுப்பன்றிக் கூட்டம் வரும். மண்ணைக் கிளறும், கண்ணில் பட்டதைத் தின்னும். நாளுக்கு நாள் முட்டைகளை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் எட்டு நாளில் என் இடத்துக்கு வந்துவிடுமே!" என்று ஆட்காட்டி பதறியது.

"கவலைப்படாதே, தங்கச்சி!" என்றது மயில். "பயிற்சி முகாம் நடத்துகிறேன். எட்டே நாளில் உங்களையெல்லாம் காட்டைத் திரட்டும் தலைவர்களாக்கிக் காட்டுகிறேன்!"

நரி, குரங்கு, கீரி, முயல் எல்லாம் ஓடி வந்தன. முதல் நாள், மேடையில் கழுத்தை எப்படி நிமிர்த்துவது என்று பாடம். மறுநாள், மாலை விழும்போது தலையை எவ்வளவு குனிவது என்று பாடம்.

"அண்ணே, பன்றி வந்தால் யார் எங்கே நிற்பது?" என்று ஆட்காட்டி கேட்டது.

"அதெல்லாம் மேல்நிலைப் பயிற்சி! முதலில் 'அவர்களே' என்று இழுத்துச் சொல்லப் பழகு!"

கடைசி நாள் பதவிகள் வழங்கப்பட்டன. நரி செயலாளர். முயல் இணைச் செயலாளர். கீரி துணை இணைச் செயலாளர். உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஓணான்கூட இல்லை! ஆட்காட்டிக்கு நன்றியுரை கிடைத்தது. உண்மையைச் சொன்னால், அதற்கும் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் பன்றிகள் முட்டை இருந்த இடத்துக்கே வந்தன. தலைவர்கள் திரண்டு நின்றார்கள். தலைமை வகிப்பது யார்?

"பயிற்சி கொடுத்தவன் நான்!" என்றது மயில்.

"வயதில் மூத்தவன் நான்!" என்றது குரங்கு.

"தலைமை இல்லாமல் கூட்டமா? முறையே இல்லை!" என்று நரி குதித்தது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பெரியவர் ஒருவர்தான் வந்திருக்கிறாரே!" என்றது முயல்.

எல்லோரும் மந்தையின் முன்னால் நின்ற பெரிய காட்டுப்பன்றியைப் பார்த்தார்கள். தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! கொடி மாலை ஒன்றை அதன் கழுத்தில் போட்டுக் கரையில் உட்கார வைத்தார்கள்.

"எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் காட்டுப்பன்றியார் அவர்களே!" என்று மயில் ஆரம்பித்தது.

"ஐயோ, என் முட்டையைத் தின்கிறான்!" என்று ஆட்காட்டி அலறியது.

"சும்மா இரு! உன் பேச்சு கடைசியில்தான்!" என்று நரி அதட்டியது.

'அவர்களே'க்கள் முடிவதற்குள் இரண்டு முட்டைகள் போய்விட்டன. பன்றி ஏப்பம் விட்டுத் தலைமையுரை ஆற்றியது. "அருமையான முகாம்! வருஷா வருஷம் நடத்துங்கள். மீதியை நாளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்காட்டி நன்றி சொல்லவில்லை. வயிறெரிந்து அழுதது. பிறகு முள்ளம்பன்றிகளின் வளை வளையாகப் போனது.

"உனக்குப் பன்றியால் என்ன தொல்லை?" என்று முதல் வளையில் இருந்த முள்ளம்பன்றியிடம் கேட்டது.

"என் கிழங்கையெல்லாம் தோண்டித் தின்கிறதே!"

"முகாமில் சொல்லக்கூடாதா?"

"என்னை யார் கூப்பிட்டார்கள்? என் முள் பட்டால் மாலை கிழிந்துவிடுமாம்!"

"நாளை உச்சிக்கு என்னோடு வந்து நிற்பாயா?"

"என்ன பதவி?"

"ஒன்றும் கிடையாது."

"அப்படியென்றால் வருகிறேன்!"

ஆட்காட்டி இப்படியே எட்டு வளைகளில் கேட்டது. மறுநாள் எட்டு முள்ளம்பன்றிகள் கரையை மறித்து, முதுகைக் காட்டி, முள்ளைச் சிலிர்த்து நின்றன. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசையோடு மூக்கை நீட்டிய காட்டுப்பன்றி வீறிட்டுக்கொண்டு ஓடியது. மந்தையும் பின்னாலேயே ஓடியது. இரண்டு முட்டைகள் பிழைத்தன.

மயில் மூச்சிரைக்க வந்தது. "ஆகா! இந்த வெற்றிக்கு என் தலைமையில் ஒரு பாராட்டு விழா!"

எட்டு முள்ளம்பன்றிகளும் மெதுவாக அதன் பக்கம் முதுகைத் திருப்பின.

மேடை ஏற மட்டும் கற்றவன் மாலைக்குத்தான் ஆவான். வீடு வீடாகப் போய் நாலு பேரைச் சேர்த்து நிறுத்துகிறவனே ஊருக்கு ஆவான்.